கலைச்சொல்: ‘த்ராஸ் இத்தாலியேன்’ – விண்மீன் கோட்டையா, முனைக்கொத்தள அரணா?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் போர்முறைச் சொற்பட்டியலில் ‘த்ராஸ் இத்தாலியேன்’ (பிரெஞ்சில் ‘இத்தாலிய வரைவு’) என்பதற்கான தமிழ்ச்சொல் இன்னும் இழுபறியில் கிடக்கிறது. 1494-இல் பிரெஞ்சு அரசர் எட்டாம் சார்லஸ் சக்கரம் பூட்டிய வெண்கலப் பீரங்கிகளோடு ஆல்ப்ஸ் மலை தாண்டி இத்தாலிக்குள் வந்தார். அவற்றின் இரும்புக் குண்டுகளுக்கு முன்னால் பழைய உயர மதில்கள் நிற்கவில்லை. மோந்தே சான் ஜொவான்னி என்ற கோட்டை சில மணி நேரத்தில் விழுந்தது. அந்த அதிர்ச்சியில் இத்தாலியில் வளர்ந்த புதுக் கோட்டையமைப்புக்குத்தான் இந்தப் பெயர்.

வந்திருக்கும் பரிந்துரைகள்: இத்தாலிய வரைவு, தாழ்மதில் அரண், விண்மீன் கோட்டை. முதலாவது படிப்பவருக்கு ஒன்றும் சொல்லாது. என் ஓட்டு விண்மீன் கோட்டைக்கு. மேலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. சொல்லும் ஓரளவு புழக்கத்தில் இருக்கிறது.

மடல் 2

> மேலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது

ஐயா, மேலிருந்து பார்த்தவர் அன்று யாரும் இல்லை. வடிவத்தை வைத்துப் பெயரிட்டால் தவறான கோட்டைகளும் உள்ளே வந்துவிடும். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1539-இல் தொடங்கிய டீல் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மதில் தாழ்வு, சுவர் தடிமன், பீரங்கிக்கென்றே கட்டியது, சுற்றிலும் இதழ் போல வெளியே துருத்தும் ஆறு கொத்தளங்கள் (பீரங்கி மேடைகள்). ‘விண்மீன்’, ‘தாழ்மதில்’ இரண்டும் அதற்குப் பொருந்தும். ஆனால் அது இந்த வகை இல்லை. இதழ்கள் எல்லாம் வட்டம்.

வட்டத்தில் என்ன கோளாறு? வட்டக் கொத்தளத்தின் அடியை இரு பக்கத்துக் கொத்தளங்களிலிருந்தும் சுட்டால், குண்டு அதன் வளைவை உரசிக்கொண்டு போய்விடும். நேர் முன்னால் ஒரு முக்கோண இடம் எவர் சூட்டுக்கும் எட்டாமல் தப்பிவிடும். எதிரி அங்கே ஒண்டிக்கொண்டு அடித்தளத்தைத் தோண்டி வெடிமருந்து வைப்பான். மேலிருந்து எட்டிச் சுடலாமே என்றால், பீரங்கியைத் தாங்கச் சுவரை அகலமாக்கியபின் கைப்பிடிச் சுவர் எட்டிப் பார்க்க விடாது.

அந்தச் சூடுபடா முக்கோணத்தையே கட்டி நிரப்பிவிட்டால் கிடைப்பதுதான் புதுக் கொத்தளம். அதன் முன்பக்கச் சுவர் இரண்டும் அண்டைக் கொத்தளத்துப் பீரங்கி சுடும் நேர்கோட்டை ஒட்டியே வரையப்படுகின்றன. ஆகவே சுவரடியில் நிற்பவன் மேல் பக்கவாட்டில் குண்டு வரும், ஓர் அடி இடமும் தப்பாது. பெயர் இதைச் சொல்ல வேண்டும். ‘முனைக்கொத்தளம்’ என்றும், அமைப்பு முழுவதையும் ‘முனைக்கொத்தள அரண்’ என்றும் வைக்கலாம். டீல் தானாக வெளியே நின்றுவிடும். 1547-இல் முடிந்த இங்கிலாந்தின் யார்மத் கோட்டையின் அம்புமுனைக் கொத்தளம் உள்ளே வரும்.

மடல் 3

முனைக்கொத்தளம் நல்ல சொல். யாழ்ப்பாணக் கோட்டையின் முருகைக்கல் மதிலைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். ஒல்லாந்தர் கட்டிய அந்த ஐங்கோணத்தின் மூலைக்கு மூலை நிற்பது இதே கொத்தளம்தான், ஒன்றரை நூற்றாண்டு பிந்தியது என்றாலும்.

ஆனால் தனிச்சொல் மட்டும் போதாது, உறுப்புகளுக்கும் பெயர் வேண்டும். பிரெஞ்சில் எல்லாம் உடம்புப் பெயர்கள். தமிழிலும் அப்படியே அமைகின்றன: வெளிநோக்கிச் சேரும் இரு சுவர் ‘முகம்’, முகம் பின்னோக்கி மடங்கும் மூலை ‘தோள்’, தோளிலிருந்து மதில் வரை உள்ள குட்டைச் சுவர் ‘விலா’, கோட்டைக்குள் திறக்கும் பின்வாய் ‘கழுத்து’. இதில் விலாதான் உயிர்நிலை. பீரங்கி நிற்பது அங்கே; தோள் மறைத்துக்கொள்வதால் முன்னாலிருந்து அடிக்கும் எதிரிக்கு அது அகப்படாது.

இரு கொத்தளத்துக்கு நடுவில் உள்ள மதிலைச் சிலர் ‘திரைமதில்’ என்று எழுதுகிறார்கள். எதையும் திரையிடாத சுவருக்கு அது எதற்கு? ‘இடைமதில்’ போதும். அதன் நீளம் பெரும்பாலும் 200 முதல் 300 மீட்டர்; அதற்கு மேல் போனால் விலாவிலிருந்து சுடுவது வலுவிழக்கும்.

மடல் 4

மண்ணை மறந்துவிட்டோம். கல் மட்டும் என்றால் குண்டு பட்டதும் பிளக்கும். மண் குண்டை விழுங்கிக்கொள்ளும். 1500-இல் பீசாவைப் பிரெஞ்சுப் படையும் ஃபுளோரன்சுப் படையும் முற்றுகையிட்டபோது மதில் இடிந்தது. இடிந்த கல்லே அகழியைத் தூர்த்து எதிரிக்குப் படி போட்டுக் கொடுக்கும், அதுதான் வழக்கம். ஆனால் பீசாக்காரர்கள் மதிலுக்கு உட்புறம் முன்கூட்டியே அகழியும் மண்மேடும் போட்டு வைத்திருந்தார்கள். உடைப்பில் ஏறி வந்தவர்கள் அதில் சிக்கினார்கள், தாக்குதல் தோற்றது. 1509-இல் பேரரசர் மாக்சிமிலியன் வெனிசின் பதுவா நகரை முற்றுகையிட்டுப் பின்வாங்கியதிலும் மண்வேலைக்குப் பங்குண்டு.

இந்த மண்மேட்டுக்குப் புதுச்சொல் வேண்டாம். ‘அலங்கம்’ இருக்கிறது. தஞ்சாவூரில் கீழ அலங்கம், வடக்கு அலங்கம் என்று தெருப்பெயராகவே நிற்கிறது. முன்னால் செங்கல் முகப்பு, பின்னால் இடித்துக் கெட்டித்த மண் – அது அலங்கம்.

சொற்பட்டியல் பதிவில் ஒரு எச்சரிக்கையும் சேர்க்கலாம். மழைநீர் இறங்கினால் மண் ஊறி முகப்பை வெளியே தள்ளும். அதனால்தான் முகப்புக்குப் பின்னே மண்ணுக்குள் உதைசுவர்கள் கட்டினார்கள். அவசரத்துக்குச் சுட்ட செங்கல் முகப்பு இல்லாமலும் கட்டியதுண்டு: 1529-இல் ஃபுளோரன்சில் மைக்கலாஞ்சலோ எழுப்பிய கொத்தளங்களுக்கு நார்க்கழிவும் சாணமும் கலந்த சுடாத செங்கல்.

மடல் 5

அலங்கம், விலா, இடைமதில் எல்லாம் ஏற்கிறேன். விண்மீன் கோட்டையை முற்றிலும் தள்ள வேண்டாம். பயணக் கட்டுரைகளில் இருந்துவிட்டுப் போகட்டும், பதிவில் ‘காண்க: முனைக்கொத்தள அரண்’ என்று வழிகாட்டிவிடலாம்.

விளக்கக் குறிப்பில் செலவையும் ஒரு வரி சேர்க்கப் பார்க்கிறேன். ‘அரண்’ என்றதும் பாதுகாப்பு மட்டுமே தோன்றும். போப் மூன்றாம் பவுல் ரோமைச் சுற்றி 18 கொத்தளம் போடத் திட்டமிட்டார். ஒன்று மட்டுமே 44,000 டூக்கட் (தங்கக் காசு) விழுங்கியதும் திட்டம் கைவிடப்பட்டது. இத்தாலியக் குடியரசான சியெனா இன்னும் மோசம்: 1553-இல் தன் ஊர்களுக்கெல்லாம் அரண் கட்டத் தொடங்கியது, வேலை முடியுமுன் பகைவர் வந்துவிட்டார்கள், படை திரட்டவோ கையில் காசில்லை. 1555 ஏப்ரலில் பட்டினியோடு சரணடைந்தது. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியால் கட்ட முடிந்ததற்கு மடங்களைக் கலைத்துப் பறித்த சொத்து ஒரு காரணம். சிற்றரசுகளைவிட வரி வாங்கத் தெரிந்த பேரரசர்களுக்கே இந்த அரண் கட்டுப்படியானது.

மடல் 6

செலவைப் பற்றிய குறிப்பு இருக்கட்டும், ஆனால் பேரரசர்களுக்கே கட்டுப்படியானது என்ற கடைசி வாக்கியம் பதிவில் வேண்டாம். வெனிஸ் குடியரசும் ஏராளமாகக் கட்டியது. வெரோனாவில் 1527-இல் எழுந்த மத்தலேனா கொத்தளம் அவர்களுடையதே. ‘செலவு தாங்கும் அரசுகள்’ என்று திருத்தினால் இரண்டும் அடங்கும்.

இன்னொன்று: பிற்பாடு அகழியின் வெளிக்கரையில் வந்த பாதையைப் பட்டியலில் ‘மூடுவழி’ என்று போட்டிருக்கிறார்கள். அதற்குக் கூரை கிடையாது. வெளிப்புறச் சரிவின் மேட்டுக்குப் பின்னால் எதிரி கண்ணுக்குப் படாமல் நடக்கும் வழி, அவ்வளவுதான். ‘மறைவழி’ என்று மாற்றுகிறேன். மறுப்பிருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள்.