மறு: ஐஸ்கஸியையும் "பகிர்வு நெறிமுறை" என்றே சொல்லலாமா?

வணக்கம். நாஸ் (பல கணினிகள் சேர்ந்து பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி) மென்பொருளின் தமிழாக்கத்தில், கணினிகள் அதனோடு பேசும் நான்கு நெறிமுறைகளுக்கு என்ன தலைப்பு வைப்பது என்ற பேச்சுக்கு இது பதில். வந்த யோசனை இது:

> நாஸ் அமைப்புப் பக்கத்தில் எஸ்.எம்.பி, என்.எஃப்.எஸ், ஏ.எஃப்.பி, ஐஸ்கஸி நான்குக்கும் பொதுத் தலைப்பாகப் "பகிர்வு நெறிமுறைகள்" போதும்.

போதாது. முதல் மூன்றும் கோப்பைப் பகிர்பவை, சரி. ஐஸ்கஸிக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. நாஸில் ஒரு பகுதியை வெறும் வட்டாக ஒரு கணினிக்குக் கொடுத்துவிடும், அதை ஃபார்மட் செய்வதும் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைப்பதும் அந்தக் கணினியின் பாடு. இதற்கும் "பகிர்வு" என்று பெயர் வைத்தால், வீட்டில் இரண்டு மடிக்கணினி வைத்திருப்பவர் இரண்டிலும் அதே வட்டை இணைக்கத்தான் பார்ப்பார். என்.டி.எஃப்.எஸ், எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைமைகள் எல்லாம் தன்னைத் தவிர வேறு யாரும் எழுதவில்லை என்று நம்பி எழுதுபவை, தரவு சிதைந்துவிடும்.

அதனால் தலைப்பை இரண்டாகப் பிரிக்கலாம்: "கோப்புப் பகிர்வு", "தொலைவட்டு". முன்பு பேசிய "தொகுதிநிலை நெறிமுறை" (பிளாக்-லெவல்) எனக்கு ஒப்பவில்லை, சேமிப்புப் பகுதியைக் குறிக்கும் வால்யூமுக்கு ஏற்கனவே தொகுதி என்று போட்டிருக்கிறோம்.

அடுத்தது "ஏற்றுமதி". என்.எஃப்.எஸ்-இல் ஒரு கோப்புறையை எக்ஸ்போர்ட் செய்வதற்கு இந்தச் சொல், அதைக் கணினியில் இணைப்பதற்கு, அதாவது மவுண்ட் செய்வதற்கு, "ஏற்று". இரண்டும் ஒரே வரியில் வரும்போது "ஏற்றுமதியை ஏற்றவும்" என்று நிற்கிறது, தூத்துக்குடித் துறைமுக அறிவிப்பு மாதிரி. எஸ்.எம்.பி-க்குச் சொல்வது போலவே இதையும் "பகிர்வு" என்று விட்டுவிட்டு, மவுண்ட்டுக்குப் "பொருத்து" வைக்கலாம். பயனர் தெரிந்துகொள்ள வேண்டிய வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது: எஸ்.எம்.பி ஆளைப் பார்த்து, பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு உள்ளே விடும், என்.எஃப்.எஸ் வழக்கமான அமைப்பில் கணினியின் முகவரியைப் பார்த்து உள்ளே விடும், அதற்குள் இருக்கும் பயனர் எண்ணைக் கணினி சொன்னபடி நம்பிவிடும். "பயனர்வழி அனுமதி", "கணினிவழி அனுமதி" என்று பக்கத்திலேயே போட்டால் எதைத் தேர்வது என்பது பாதி தெளிந்துவிடும். லினக்ஸ் கணினிகள் மட்டும் உள்ள இடத்தில் என்.எஃப்.எஸ், விண்டோஸ், மேக், கைபேசி கலந்திருந்தால் எஸ்.எம்.பி, அவ்வளவுதான்.

என்.எஃப்.எஸ் 3 பற்றிய குறிப்பில் "நிலையற்ற நெறிமுறை" என்று இருப்பதையும் மாற்ற வேண்டும், படிப்பவர் அது அடிக்கடி விழுந்துவிடும் என்று நினைப்பார். உண்மை நேர்மாறு: யார் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார்கள் என்று வழங்கி (இங்கே நாஸ்) நினைவில் வைப்பதில்லை, அதனால்தான் நாஸ் மறுதொடக்கம் ஆனாலும் கணினிகள் விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறது. "நிலை வைக்காத" என்று எழுதலாம்.

ஆப்பிளின் பழைய நெறிமுறையான ஏ.எஃப்.பி-க்குத் தமிழ்ப் பெயர் தேடி மெனக்கெட வேண்டாம். ஆப்பிளே 2013-இல் மேக் இயங்குதளத்தின் மேவரிக்ஸ் பதிப்பு வந்தபோது எஸ்.எம்.பி 2-ஐ முதன்மையாக்கிவிட்டது. எஸ்.எம்.பி 1 பக்கத்தில் மட்டும் "பழைய சாதனங்களுக்கு ஏற்றது" என்ற மென்மை எனக்குப் பிடிக்கவில்லை, 2017-இல் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் தீநிரல் பரவியது அந்த வழியாகத்தான். "பாதுகாப்பற்றது" என்றே எழுதுவோம்.

நெட்வொர்க்குக்குப் பிணையமா வலையமைப்பா என்ற சண்டையை இலங்கை நண்பர்கள் மன்னித்து இன்னொரு இழைக்குத் தள்ளிவையுங்கள். "தொலைவட்டு" யாருக்காவது உறுத்தினால் மாற்றுச் சொல்லோடு வெள்ளிக்குள் எழுதுங்கள், அப்புறம் மொழிபெயர்த்த சரங்களை (திரையில் வரும் சொற்றொடர்களை) அனுப்பிவிடுவேன்.