ஐஸ் சாப்பிட்டதும் நெற்றியில் சுளீர் என்று வலி: மகளுக்கு என்ன செய்யலாம்?

பொருநைக்கரை:
மகளுக்கு ஒன்பது வயது. குச்சி ஐஸ், ரோஸ்மில்க், ஜிகர்தண்டா எதுவானாலும் ஆசையாக வாங்குவாள். இரண்டு வாய் உள்ளே போனதும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள். அரை நிமிடத்தில் சரியாகிவிடும். மறுபடி சாப்பிட்டால் மறுபடி வலி. தலையில் நீர் கோத்திருக்கிறது, ஐஸையே நிறுத்து என்கிறார் மாமியார். ஆனால் சளியோ மூக்கடைப்போ இல்லை. வீட்டுக்காரருக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. அதுதான் இவளுக்கும் ஆரம்பிக்கிறதோ என்று பயமாக இருக்கிறது. வலி வரும்போது உடனே நிறுத்த ஏதாவது வழி உண்டா?

கோடைமழை:
வலி பல்லில் ஆரம்பிக்கிறதா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். என் தங்கை மகனும் இப்படித்தான் தலையைப் பிடித்துக்கொள்வான். கடைசியில் பார்த்தால் கடைவாய்ப் பல்லில் சொத்தை.

பொருநைக்கரை:
கேட்டேன். பல்லில் ஒன்றும் இல்லையாம். நெற்றி நடுவிலும் இரண்டு பொட்டிலும்தான் வலிக்கிறதாம்.

வேப்பநிழல்:
அப்படியானால் பயப்பட வேண்டாம், சகோதரி. நான் செவிலியர். நீங்கள் சொல்வது குளிர்ச்சியால் வரும் தலைவலி. சர்வதேச தலைவலிக் கழகத்தின் வகைப்பாட்டிலேயே இதற்குத் தனி இடம் உண்டு. குளிர்ச்சி விலகியதும் 10 நிமிடத்துக்குள் தானாக அடங்கிவிடும் என்பதுதான் அதன் அடையாளம். பெரும்பாலும் அவ்வளவு நேரம்கூட நீடிக்காது.

பரவலாகச் சொல்லப்படும் காரணம் இது. வாயின் மேல்பகுதியில், அதாவது அண்ணத்தில், ஐஸ் பட்டதும் அங்கிருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்கி, பிறகு வேகமாக விரிகின்றன. அந்தச் சேதியை மூளைக்குக் கொண்டுபோவது ட்ரைஜெமினல் நரம்பு. நெற்றியின் உணர்ச்சியைக் கொண்டுபோவதும் அதே நரம்புதான். அதனால் குளிர் பட்டது அண்ணத்தில் என்றாலும் வலி நெற்றியில் தெரிகிறது. மாரடைப்பின்போது இடது கை வலிப்பதும் இந்த வகைதான். நீர் கோத்துக்கொள்வதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பெரியவரிடம் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள்.

வலி வந்ததும் வாயில் இருப்பதை விழுங்கவோ துப்பவோ சொல்லுங்கள். பிறகு நாக்கை மடித்து அதன் அடிப்பக்கத்தை அண்ணத்தில் அழுத்தச் சொல்லுங்கள். நாக்கின் மேல்பக்கம் ஐஸ் பட்டுக் குளிர்ந்திருக்கும், அடிப்பக்கத்தில்தான் சூடு இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் கிடைத்தால் ஒரு வாய் வைத்து அண்ணத்தில் படும்படி கொஞ்ச நேரம் வைத்திருக்கலாம்.

தென்றல்:
எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் பாராசிட்டமால்தான். அரை மாத்திரை கொடுத்துப் பாருங்களேன்.

வேப்பநிழல்:
வேண்டாம். மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே அரை மணி நேரம் ஆகும். இந்த வலியோ அரை நிமிடத்தில் போய்விடுகிறது. குழந்தைக்குத் தேவையில்லாமல் மருந்து கொடுக்காதீர்கள்.

கோடைமழை:
வராமலே தடுக்க முடியாதா?

வேப்பநிழல்:
பெரிய அளவுக்கு முடியும். வேகம்தான் முக்கியக் காரணம். கனடாவின் ஹாமில்டனில் ஒரு தந்தையும் பள்ளியில் படித்த அவர் மகளும் சேர்ந்து இதைச் சோதித்தார்கள். 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது வெளிவந்தது. 145 மாணவர்களை இரண்டு அணியாகப் பிரித்து ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். 5 விநாடிக்குள் அவசரமாகச் சாப்பிட்டவர்களில் 27 சதவீதம் பேருக்குத் தலை வலித்தது. 30 விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களில் 13 சதவீதம் பேருக்குத்தான். மெதுவாகச் சாப்பிட்டாலும் சிலருக்கு வரும், ஆனால் பாதியாகக் குறைகிறது.

ஜிகர்தண்டாவை எதில் குடிக்கிறாள்? ஸ்ட்ராவா?

பொருநைக்கரை:
ஆமாம், ஸ்ட்ராதான். ஒரே மூச்சில் பாதி கிளாஸ் காலியாகிவிடும்.

வேப்பநிழல்:
ஸ்ட்ராவின் நுனி அண்ணத்தைப் பார்த்திருந்தால் குளிர்ந்த பானம் நேராக அங்கேதான் போய் அடிக்கும். ஜிகர்தண்டாவை ஸ்பூனால் சாப்பிடட்டும். குச்சி ஐஸைக் கடிக்காமல் நக்கிச் சாப்பிடட்டும். எதுவானாலும் வாயின் முன்பக்கத்தில் நாக்கின் மேல் கொஞ்சம் கரைந்த பிறகு விழுங்கினால் போதும்.

பொருநைக்கரை:
நன்றி அக்கா. ஸ்பூன் கொடுத்ததில் நல்ல வித்தியாசம் தெரிகிறது. நேற்று ஜிகர்தண்டா முழுவதையும் வலி இல்லாமல் முடித்தாள். குச்சி ஐஸில் மட்டும் ஒரு முறை வந்தது, நாக்கை மடிக்கவே அவளுக்குத் தெரியவில்லை. வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்ததும் விட்டது. ஒற்றைத் தலைவலி பற்றி மட்டும் சொல்லுங்கள். அவருக்கும் ஐஸ் சாப்பிட்டால் வலிக்குமாம். அதுவும் ஒற்றைத் தலைவலி வரும் அதே பக்கத்தில்.

வேப்பநிழல்:
ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இந்த வலி மற்றவர்களைவிட அதிகமாக வரும், வழக்கமாக வலிக்கும் பக்கத்திலேயே வருவதும் உண்டு. பெற்றோருக்கு ஐஸ் தலைவலி இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு கூடுதல். அதற்காக மகளுக்கு ஒற்றைத் தலைவலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஐஸ் சாப்பிடாத நேரத்திலும் தலை வலித்தாலோ, வாந்தி வந்தாலோ, வெளிச்சமும் சத்தமும் தாங்காமல் படுத்துக்கொண்டாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்கு வலித்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்பாவுக்கு இருப்பதையும் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இப்போதைக்கு ஐஸை நிறுத்த வேண்டியதில்லை.