திருகோணமலை நகரையும் சந்தையையும் நடந்தே பார்க்க

கேள்வி: மட்டக்களப்பிலிருந்து அம்மாவுடன் ஒரு நாள் பயணமாக வருகிறேன். நகர மையத்தையும் சந்தையையும் நடந்து பார்க்க எங்கிருந்து தொடங்கலாம்?

மறுமொழி: சந்தையிலிருந்தே தொடங்குங்கள். வெயில் ஏறுமுன் மீன் பகுதிக்குச் சென்றால், பாரை மீனைத் துண்டம் போடும் கத்தியின் ஓசையும், ஈரத் தரையில் ஒட்டிக்கிடக்கும் செதில்களும், விலை பேசும் குரல்களும் இவ்வூரைச் சொல்லிவிடும். பிறகு பத்திரகாளி அம்மன் கோயிலுக்குச் செல்லுங்கள்.

மறுமொழி: அங்கிருந்து கடற்கரையோரமாகப் பிரட்ரிக் கோட்டைக்கு நடக்கலாம். 1622 இல் கோணேசர் ஆலயத்தை இடித்த போர்த்துக்கேயர், அதன் கற்களைக்கொண்டே எழுப்பிய கோட்டை அது என்பதை நினைத்தபடி வாயிலைக் கடந்தால், மரநிழலில் புள்ளிமான்கள் நிற்கும். அவற்றுக்குப் பொலித்தீனோடு எதையும் கொடுக்காதீர்கள்.

மறுமொழி: கோட்டைக்குள், மீண்டும் கட்டப்பட்ட கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை ஏற்றமானது, அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் கோட்டை வாயிலிலிருந்து முச்சக்கரவண்டி எடுங்கள். நண்பகலில் கோயிலின் கல் தரை வெறுங்காலைச் சுட்டுவிடும்.