கப்பல்ல இறங்குற விமானத்தோட உந்தம் எங்கே போகுது?

பிளஸ்ஒன்_அப்பா:
பொண்ணு இயக்க விதிகள் பாடம் படிக்கிறா. 2020 ஜனவரியில தேஜஸ் போர் விமானம் விக்ரமாதித்யா விமானந்தாங்கிக் கப்பல்ல இறங்குன வீடியோவைக் காட்டி, "உந்தம் மாறாதுன்னா இது எப்படி டக்குன்னு நிக்குது?"ன்னு கேக்குறா. விமானத்தைப் பிடிச்சு நிறுத்த தளத்துல குறுக்கே கட்டியிருக்குற கம்பி சூடாகி, உந்தம் வெப்பமா போயிடும்னு சொல்லலாமா?

பழைய_டெக்னீஷியன்:
சொல்லாதீங்க சார். வெப்பமாகுறது ஆற்றல். உந்தத்துக்குத் திசை இருக்கு, அதை யாராவது வாங்கித்தான் ஆகணும். இங்கே வாங்குறது கப்பல்.

கடற்படையில விமானப் பராமரிப்புல இருந்தவன் நான். விமானம் 15 டன், கப்பலைப் பொறுத்து அதோட வேகம் நொடிக்கு 65 மீட்டர்னு வச்சுக்குங்க. ரெண்டையும் பெருக்கினா உந்தம் 9,75,000 கிலோகிராம் மீட்டர்/நொடி. கப்பல் சுமார் 45,000 டன். அவ்வளவையும் அதுவே வாங்கினாலும் வேகம் நொடிக்கு 2 சென்டிமீட்டர்தான் மாறும். தளத்துல நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. அதையும் கடல் தண்ணி சீக்கிரமே வாங்கிக்கும்.

ஆற்றல் சுமார் 32 மெகாஜூல். அதை விழுங்குறது தளத்துக்குக் கீழே இருக்குற ஹைட்ராலிக் இயந்திரம். விமானத்தோட வால்ல இருக்குற கொக்கி கம்பியை இழுக்க இழுக்க, பிஸ்டன் எண்ணெயைச் சின்ன வழியில நெருக்கித் தள்ளும். சூடாகுறது அந்த எண்ணெய்தான்.

பிளஸ்ஒன்_அப்பா:
அப்போ சக்கரம் தொட்டதும் எஞ்சினை அணைச்சுடுவாங்களா?

பழைய_டெக்னீஷியன்:
அணைக்கிறதா! முழு த்ராட்டில், அதாவது எஞ்சினோட முழு சக்தியையும் கொடுப்பாங்க. கொக்கி மூணு கம்பியையும் தவற விட்டா மறுபடி பறந்தாகணுமே.

மேலே சொன்ன விமானம் சீரா வேகம் குறைஞ்சு 90 மீட்டர்ல நிக்கணும்னா 2.8 நொடி ஆகும். உந்தத்தை நேரத்தால வகுத்தா சராசரி விசை 3,50,000 நியூட்டன். எஞ்சின் முன்னால தள்ளுறதையும் சேர்த்துக் கம்பிதான் தாங்கணும். நின்னு த்ராட்டிலைக் குறைச்சதும், கம்பியோட இழுப்புல விமானம் கொஞ்சம் பின்னால உருளும். அப்போ கம்பி தளர்ந்து கொக்கியை விட்டு நழுவும், பைலட் கொக்கியைத் தூக்கிப்பார். வீடியோவுல அந்தக் கடைசி நொடியைப் பாருங்க, எனக்கு எப்பவும் பிடிச்சது அதுதான்.

ஜன்னல்சீட்:
நம்ம மீனம்பாக்கத்துல இறங்குற ஏர்பஸ்ஸுக்குக் கம்பி இல்லையே?

பழைய_டெக்னீஷியன்:
பிரேக் வழியா பூமி வாங்கிக்குது, மிச்சத்தைக் காத்து. இறங்கினதும் பெருசா இரையுதே, அது ரிவர்ஸர். விசிறிக் காத்தை முன்பக்கமாத் திருப்பி விடுது. ரெக்கை மேல எழும்புற பலகைகளையும் கவனிங்க. தூக்குவிசையைக் கெடுத்து மொத்தப் பாரத்தையும் டயர் மேல உக்கார வைக்கிறது அதுதான், அது இல்லேன்னா பிரேக் சரியாப் பிடிக்காது. ஓடுபாதையில மழைத்தண்ணி நின்னாலும் டயருக்குப் பிடிமானம் போயிடும். ரிவர்ஸருக்கு அந்தப் பிரச்சினை கிடையாது, ஈரத்துல அதோட அருமை தெரியும்.