மருத்துவக் காப்புறுதிக்கு எந்தக் குடும்பங்களைத் தெரிவு செய்வது? அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் தோட்டக் குடியிருப்பில் 64 வீடுகள். மரண உதவிச் சங்கத்தில் மிஞ்சிய பணத்தில் 12 குடும்பங்களுக்கு ஒரு வருடக் காப்புறுதித் தவணையைக் கட்ட முடிவெடுத்தோம். ஜனவரியில் தொடங்கியது, இன்னும் பெயர்ப் பட்டியல் முடியவில்லை. அரச ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லைதான். ஆனால் வெளியே எடுக்கும் ஸ்கேன், வெளியே வாங்கும் மருந்து, வேலைக்குப் போகாத நாளின் கூலி எல்லாம் சேர்ந்துதான் வீட்டைச் சாய்க்கிறது.

முதலில் ஒரு படிவம் போட்டோம். டிவி, ஃபிரிட்ஜ், தரை என்று புள்ளி. டைல்ஸ் பதித்த வீட்டு அக்கா அதிலேயே விடுபட்டுப்போனார். அவர் பிரஷர் மாத்திரையைக் கத்தியால் பாதியாக வெட்டி, பழைய யோகட் கோப்பையில் போட்டு வைத்து மாதத்தை ஓட்டுவதை நானே பார்த்தேன். டைல்ஸ், மகன் கட்டாரில் இருந்தபோது போட்டது. ஓட்டோக்காரரும் விடுபட்டார், அது லீசிங்கில் ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தும். அரசின் நலன்புரி உதவித் திட்டமான அஸ்வெசுமவில் இருப்பதுபோல் 22 அளவுகோல்களைச் சரிபார்க்க எங்களிடம் ஆளில்லை.

சரி, ருவண்டாவின் உபுதேஹே முறைபோல ஊரே பேசித் தரம் பிரிக்கட்டும் என்று மார்ச்சில் கூட்டம் வைத்தோம். எல்லோர் முன்னாலும் வாய் திறந்து கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. வாடகைக்கு இருப்பவர்களின் பெயரை ஒருவர்கூட எடுக்கவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

இப்படித் தெரிவு செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: பொதுக்கூட்டம் இல்லாமல், சிலரிடம் தனித்தனியாக ஒவ்வொரு வீட்டின் பெயரும் எழுதிய அட்டைகளைக் கொடுத்து, கஷ்டத்தின் அளவுப்படி வரிசைப்படுத்தச் சொன்னால் சரிவருமா?