காருக்குள் பலூன் முன்னால் போனது

தெஹிவளை அப்பா:
போன மாதம் மகளின் ஏழாவது பிறந்தநாள். வெள்ளவத்தையில் ஒரு ஹீலியம் பலூன் வாங்கிக்கொண்டு காரில் வீட்டுக்கு வந்தோம். ஏசி போட்டிருந்ததால் கண்ணாடிகள் எல்லாம் மூடியிருந்தன. பின் சீட்டில் மகள் நூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சிக்னலில் பச்சை விழுந்து கார் வேகமெடுத்ததும் நாங்கள் பின்னால் சாய்ந்தோம். பலூன் முன்னால் வந்து என் தோளில் முட்டியது. அடுத்த சந்தியில் பிரேக் பிடித்தேன். அது பின் கண்ணாடிப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. "அப்பா, இதுக்கு மட்டும் ஏன் எல்லாம் மாறி நடக்குது?"

கார் கிளம்பும்போது உள்ளே இருக்கும் காற்றும் நம்மைப் போலவே பின்னால் ஒதுங்குகிறது. தன்னைவிடப் பாரம் குறைந்த பலூனை அது முன்னால் தள்ளுகிறது. பலூன் மேலே ஏறுவதும் அப்படித்தான்; பாரமான காற்று கீழே இருந்து தள்ளுகிறது. ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ, அதே அளவு ஹீலியம் 200 கிராம்கூட வராது. மிச்சம் ஒரு கிலோதான் அது தூக்கக்கூடிய பாரம். மகள் 22 கிலோ. அவளைத் தூக்க எங்கள் சின்ன அறை முழுக்க ஹீலியம் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். சுவரையும் கூரையையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய பலூனில் ஏறியவர்கள் இருக்கிறீர்களா?

பம்பலப்பிட்டி அக்கா:
நான் தம்புள்ளையில் ஏறினேன், தம்பி. அது சூடான காற்றில் பறப்பது, ஹீலியம் இல்லை. விடியும் முன்னரே வரச் சொன்னார்கள். அந்த நேரத்தில் வெளிக்காற்று குளிராகவும் அமைதியாகவும் இருக்கும். உள்ளே சூடு, வெளியே குளிர் என்ற வித்தியாசம் கூடினால் தூக்கும் பலமும் கூடும். தலைக்கு மேலே காஸ் நெருப்பு சீறும்போது உச்சந்தலை சுடும், நிறுத்தினால் ஊர் நாய் குரைப்பதுகூடக் கேட்கும். திருப்புவதற்கு ஸ்டியரிங் எதுவும் இல்லை. ஒவ்வொரு உயரத்திலும் காற்று வேறு வேறு திசையில் வீசுவதால், பைலட் ஏறியும் இறங்கியும் தனக்கு வேண்டிய காற்றைப் பிடித்தார். எனக்கு அதைப் பார்த்துத்தான் அதிக வியப்பு.

கொட்டாஞ்சேனை, சொந்த ஊர் கம்பளை:
அக்கா சொன்ன அதே வித்தைதான் கூகுளின் லூன் பலூன்களிலும். இணைய வசதி கொடுக்க ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கவிட்டார்கள். உள்ளே தனியாக ஒரு காற்றுப்பை. அதில் காற்றை அடைத்தால் பாரம் கூடி இறங்கும், வெளியே விட்டால் ஏறும். 2016 பெப்ரவரியில் அதில் ஒன்று எங்கள் ஊர்ப்பக்கத் தேயிலைத் தோட்டத்தில் இறங்கியது. நான் அப்போது கொழும்பில் வேலையில். அம்மா போன் எடுத்து, "வானத்திலிருந்து பெரிய பிளாஸ்டிக் பை விழுந்திருக்காம், உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். 2021இல் அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். எனக்கு இன்னும் அது மனவருத்தம்தான். மலைப்பக்கம் சிக்னல் கிடைக்காமல் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும்.