ஓட்டு இருக்கும்போது சட்டத்தை மீறலாமா?

சட்டப்புலி:
1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதை அநியாயச் சட்டத்தை மீறலாம் என்று இங்கே வாதிடும் யாரும் தொடவே இல்லை. அரசியல் சட்ட வழிகள் திறந்திருக்கும்போது சட்டமறுப்பு, ஒத்துழையாமை, சத்தியாகிரகம் எதற்கும் நியாயமில்லை, அவை அராஜகத்தின் இலக்கணம் என்றார். 1927இல், தலித் மக்களைத் தண்ணீர் எடுக்க விடாத மகாராஷ்டிரத்து மகத் ஊர்க் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தவரே இப்படிச் சொல்கிறார். ஓட்டு இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. அப்புறம் எதற்கு மீறல்?

வெயிலோன்:
மகத்தில் அவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை நண்பரே. குளம் எல்லோருக்கும் பொது என்று நகராட்சி 1924லேயே தீர்மானம் போட்டுவிட்டது. அப்படியும் தலித் மக்கள் தண்ணீர் எடுக்க முடியவில்லை, இறங்கியவர்களுக்கு அடி விழுந்தது. வழி காகிதத்தில் திறந்திருந்தால் போதுமா?

சட்டப்புலி:
போதாதுதான். ஆனால் எது போதும், எது போதாது என்று யார் முடிவு செய்வது? 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை நாடு முழுக்கச் சட்டமாக்கியது. கென்டக்கியில் திருமண உரிமம் வழங்க வேண்டிய அதிகாரி கிம் டேவிஸ், என் மனசாட்சி இடம் தரவில்லை என்று கையை விரித்தார். சில நாள் சிறையிலும் இருந்தார். உங்கள் கணக்கில் அவரும் தியாகியா?

வெயிலோன்:
இல்லவே இல்லை. அவர் குடிமகளாக மீறவில்லை, அரசு நாற்காலியில் உட்கார்ந்தபடி மீறினார். உறுத்தினால் ராஜினாமா செய்திருக்கலாமே? மீறலின் சுமையைத் தான் சுமக்காமல், உரிமம் கேட்டு வரிசையில் நின்ற ஜோடிகள் தலையில் இறக்கினார்.

ஓரமா_ஒருத்தன்:
அப்படிப் பார்த்தால் சாலை மறியலும் அடுத்தவர் தலையில் இறக்குவதுதானே? ஆம்புலன்ஸில் கிடப்பவருக்கும் நீங்கள் எதிர்க்கும் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

வெயிலோன்:
சரி, நியாயமான கேள்வி. ஆம்புலன்ஸை நிறுத்தும் மறியலுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். எந்தச் சட்டம் அநியாயமோ அதையே மீறுவதுதான் சுத்தமான வழி. 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரப் பேருந்தில், வெள்ளையருக்கு இடம் விட்டு எழ வேண்டும் என்றபோது கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் இருக்கையை விட்டு எழ மறுத்தது போல.

சட்டப்புலி:
நீங்களே என் பக்கம் வந்துவிட்டீர்கள்! அந்த ஊர்ப் பேருந்துகளில் நிறப் பிரிவினையை ஒழித்தது 1956இல் வந்த நீதிமன்றத் தீர்ப்பு. அந்த வழக்கில் ரோசா பார்க்ஸ் மனுதாரர்கூடக் கிடையாது.

வெயிலோன்:
மனுதாரர் யார் என்றும் பார்த்துவிடுங்கள். அவர்களில் ஒருவர் கிளாடெட் கால்வின். ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில், அதே ஊர்ப் பேருந்தில் எழ மாட்டேன் என்று கைதானவர். அந்தப் பிள்ளை சட்டத்துக்குப் பணிந்து எழுந்திருந்தால், நீதிமன்றத்தில் எதைக் காட்டி வழக்குப் போட்டிருப்பார்?